ரஜூலாவின் கடல் – 8: கரை திரும்பாத அக்கா

இதுவரை: 1926-இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்ட ‘ரஜூலா’, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பலாகச் சென்னைக்கு வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வங்கக் கடலின் குறுக்கே போவதும் வருவதுமே அதன் பிழைப்பு. கங்காணியின் பின்னால் வந்த தோட்டத் தொழிலாளி, செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன், நாகூர் ஜவுளி வியாபாரி, வெங்காய மூட்டை என்று எல்லாம் அதில் ஏறின. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அதே ஜனம் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியது. 1938 ஜூனில், கூலி வேலைக்கு மலாயா போவதை இந்திய அரசு தடுத்து நிறுத்தியது. மறு ஆண்டு போர் வந்தது.

இந்த வாரம் ரஜூலா கடைசியில்தான் வரும். இது அதன் அக்காவின் கதை.

ஒரே தடத்தில் இருவர்

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அந்தத் தடத்துக்கென்று ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒன்று ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் உருவான ரஜூலா. மற்றொன்று இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில், ஹாதார்ன் லெஸ்லி கம்பெனியின் தளத்தில் உருவான ‘ரோனா’. இரண்டும் 1926-இல், சில வார இடைவெளியில் தண்ணீரில் இறங்கின. ரோனா முந்திக்கொண்டது. ரஜூலா 8,478 டன், ரோனா 8,602 டன். ஒற்றைப் புகைபோக்கி, கறுப்பு நிறத்தின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டை. கரையில் நின்று பார்ப்பவருக்கு எது அக்கா, எது தங்கை என்று பெயரைப் படித்தால்தான் தெரியும்.

அட்லாண்டிக்கில் ஓடிய கப்பல்கள் வேகத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் பெயர் வாங்கின. இந்த இரண்டும் பெயர் வாங்கியது வேறு கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. அன்றைய எந்தச் சொகுசுக் கப்பலுக்கும் அத்தனை பயணிகளை ஏற்ற உரிமம் இல்லை.

டெக்கு டிக்கெட் என்றால் படுக்கை கிடையாது, அறை கிடையாது. ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று அரசாங்கம் வகுத்த தரை மட்டும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து, ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். ஏறியதும் முதல் வேலை பாய் விரிப்பது. தலைமாட்டில் தகரப் பெட்டி, காலடியில் தண்ணீர்க் கூஜா, பக்கத்தில் ஊர்க்காரர். மேல்தளத்தில் இடம் கிடைத்தால் காற்று வரும், மழையும் வரும். கீழ்த்தளத்தில் மழை இல்லை, காற்றும் இல்லை. முதல் இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் சீட்டுக்கட்டு வெளியே வரும்.

பயணிகளை இறக்கிவிட்ட பிறகு அதே தளத்தில் சரக்கு அடுக்கலாம். மனிதருக்கென்று சுவர் வைக்காததால் இடம் இரண்டு தடவை விற்றது. கம்பெனிக்கு லாபம் அங்கேதான் இருந்தது.

சிம்லாவில் ஒரு சலுகை

இந்தக் கதையின் முடிச்சு நடுக்கடலில் விழவில்லை. கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி மேலே, சிம்லாவில் விழுந்தது.

டைட்டானிக் மூழ்கியது 1912-இல். அதற்குப் பிறகு கூடிய நாடுகள் கடற்பயணப் பாதுகாப்புக்கு உடன்படிக்கை எழுதின. 1929-இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். கப்பலில் எத்தனை உயிரோ அத்தனைக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. ஐயாயிரம் பேருக்குப் படகு கட்டித் தொங்கவிட்டால் பாய் விரிக்க இடம் எங்கே? இடம் குறைந்தால் டிக்கெட் விலை ஏறும்; விலை ஏறினால் தோட்டத் தொழிலாளியும் ஹஜ் யாத்திரிகரும் ஏற மாட்டார்கள். ஆக, படுக்கையில்லாப் பயணிகளைக் கூட்டமாக ஏற்றும் தடங்களுக்குத் தளர்வு கேட்கப்பட்டது. கிடைத்தது. 1931-இல் வந்த ‘சிம்லா விதிகள்’ அந்தச் சலுகையைச் சட்டமாக்கின. வங்கக் கடல், செங்கடல், மலாக்கா நீரிணை என்று ஆசியப் பயணிகள் நெருக்கியடித்துப் போன தடங்களுக்கு வேறு அளவுகோல் வந்தது.

ரோனாவில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 22. ஒரு படகில் அறுபது பேர் என்று தாராளமாக வைத்தாலும் 1,320 பேர். மீதிப் பேருக்கு மிதவைப் பலகை.

நாகப்பட்டினத்தில் ஏறிய எவரும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை. நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு ஏறினார்கள். பதினாலு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கடலும் வடகிழக்குப் பருவக் காற்றும் பலமுறை சோதித்தும் ரோனா சொன்ன இடத்தில் சொன்னபடி இறக்கிவிட்டது.

பாய் போய் ஊஞ்சல் வந்தது

1940-இல் ரோனாவைப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. ரஜூலாவும் போர் வேலைக்குப் போனது.

சிப்பாய்களை ஏற்றுவதற்கு இவற்றைவிடத் தோதான கப்பல் கிடைக்காது. அறைகள் இடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தளம் முழுக்கத் திறந்த வெளி. பாய் விரித்த இடத்தில் சாப்பாட்டு மேசைகள் வந்தன. மேசைக்கு மேலே இரவில் கட்டித் தூங்கத் துணி ஊஞ்சல்கள் வந்தன. சாம்பல் நிறம் பூசினார்கள், பீரங்கி ஏற்றினார்கள். ‘ஹிஸ் மெஜஸ்டிஸ் டிரான்ஸ்போர்ட்’ என்ற அடைமொழி பெயருக்கு முன்னால் வந்தது. படகுகளின் எண்ணிக்கை மட்டும் மனிதக் கணக்கைத் தொடவில்லை.

கப்பலை ஓட்டியவர்களும் மாறவில்லை. மேலே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள். கீழே சாரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி, கரி தள்ளுபவர், பண்டாரி என்று இந்தியர்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இவர்களைக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆள் எடுத்தது. கிழக்கு வங்காளம், கொங்கணம், குஜராத், கோவா என்று வேலைக்கு ஓர் ஊர். ஐரோப்பிய மாலுமியின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் இவர்களுக்கு. தூங்கும் இடமும் அந்த விகிதத்திலேயே. 1939 இலையுதிர் காலத்தில் லண்டன் உள்ளிட்ட துறைமுகங்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கினார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு.

ஓரானில் ஏறியவர்கள்

1943 நவம்பர் கடைசி. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகம். அன்று அது பிரெஞ்சு மண்.

பாரிஸில், தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இரண்டாம் எண் மெத்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் பார்பெஸ். அந்தப் பக்கத்துக் காப்பிக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் இருக்கும் அல்ஜீரியர்களில் பலர் கபீலியாக் கரையைச் சேர்ந்தவர்கள். பெஜாயா என்ற துறைமுகத்தை ஊர்ப் பெயராகச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்குப் ‘பூஜி’ என்று பெயர். நாகப்பட்டினத்தாரை ஏற்றித் திரிந்த கப்பல் கிடப்பது அந்த ஊருக்கு நேரே உள்ள கடலில்தான். காய்கறி வாங்கும் தெருவில் தினமும் உரசிப் போகும் இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவாக ஒரு கப்பல் உண்டு. இரண்டு தரப்புக்கும் அது தெரியாது.

ஓரானில் ரோனாவில் ஏறியவர்கள் சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள். பெரும்பாலும் சண்டைக்காரர்கள் அல்ல. விமானத் தளம் அமைக்கும் 853-ஆவது பொறியியல் பட்டாலியன் அவர்களில் பெரிய பிரிவு. போக வேண்டிய இடம் பம்பாய். அங்கிருந்து சீனா – பர்மா – இந்தியா போர்முனை. ரோனாவுக்கு இது வீடு திரும்பும் பயணம்.

நவம்பர் 25, அமெரிக்கர்களின் நன்றியறிதல் விழா நாள். அன்றைக்கே கப்பல் ஓரானை விட்டுக் கிளம்பியது. பிரிட்டனிலிருந்து சூயஸ் நோக்கி வந்துகொண்டிருந்த ‘கேஎம்எஃப் 26’ என்ற கப்பல் அணியோடு சேர்ந்துகொண்டது. தலைவர் ஆஸ்திரேலியரான கேப்டன் மர்ஃபி. கப்பல் பணியாளர் 195 பேர், துப்பாக்கிக்காரர்கள் தனி.

விழா நாள் சாப்பாடு விழாவாக இல்லை. ரொட்டியில் வண்டு இருந்ததைப் பிழைத்தவர்கள் கிழவர்களான பிறகும் மறக்கவில்லை.

ஐந்தே கால் மணி

மறுநாள் வெள்ளிக்கிழமை, நவம்பர் 26. பிற்பகல் நான்கரை மணி வாக்கில் வானத்தில் ஜெர்மன் விமானங்கள் தெரிந்தன.

அவற்றில் ஹைன்கெல் 177 ரகப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. அவை கிளம்பிய இடம் பிரான்ஸ். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போர்தோ நகரை ஒட்டிய மெரிஞாக் விமானத் தளம். இன்று பயணிகள் வந்து இறங்கும் அதே மெரிஞாக்.

அவை சுமந்து வந்த ஆயுதத்துக்கு வயது மூன்று மாதம். ஹென்ஷல் ஹெச்எஸ் 293. சிறகும் ராக்கெட்டும் பொருத்திய குண்டு. விமானத்திலிருந்து நழுவியதும் ராக்கெட் எரியும். வாலில் ஒரு விளக்கு ஒளிரும். மேலே விமானத்துக்குள் ஒருவர் அந்த ஒளியைப் பார்த்தபடியே ஒரு சின்னப் பிடியை அசைப்பார். வானொலி அலை வழியாகக் குண்டு திரும்பும். கப்பல் வளைந்து ஓடினால் குண்டும் வளையும். ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘எக்ரெட்’ இதற்கு முதலில் பலியாகியிருந்தது.

அணியைச் சுற்றியிருந்த போர்க்கப்பல்கள் சுட்டன. நேச நாட்டு விமானங்கள் வந்து மோதின. குண்டுகள் பல கடலில் விழுந்தன. முக்கால் மணி நேரம் ஒரு கப்பலுக்கும் பெரிய சேதம் இல்லை. வந்த ஆபத்து போய்விட்டது என்று சிலர் நினைத்திருக்கலாம்.

ஐந்தே கால் மணி வாக்கில் ஒரு விமானம் ரோனாவைக் குறி வைத்தது.

தளத்தில் இருந்தவர்கள் அது வருவதைக் கண்ணால் பார்த்தார்கள். சின்ன விமானம் ஒன்று தீப்பற்றி விழுகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. அது விழவில்லை, திரும்பியது. இடது பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, எஞ்சின் அறையின் பின்பகுதியில் புகுந்து வெடித்தது.

எஞ்சின் நின்றது. மின்சாரம் போனது. அதோடு தண்ணீர் இறைக்கும் பம்பும் போனது. வெடிப்பின் வேகத்தில் மறுபக்கத் தகடுகளும் பிய்ந்தன. ஊஞ்சல் கட்டியிருந்த திறந்த தளத்தில் வெடிப்பைத் தடுக்க ஒரு சுவர்கூட இல்லை. அங்கே இருந்தவர்களில் பலர் அந்த நொடியிலேயே முடிந்தார்கள். கீழே எஞ்சின் அறையில் வேலையில் இருந்த இந்தியர்களும் அப்படியே.

22 படகு

இப்போது சிம்லாக் கணக்கு வேலைக்கு வந்தது.

இடது பக்கத்தில் ஆறு படகுகள் குண்டிலேயே சிதறின. மிச்சமிருந்தவற்றை இறக்கப் போனால் கயிறும் கப்பியும் மக்கர் செய்தன. வருஷக் கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிய பெயின்டில் கொக்கிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, துரு வேறு. கப்பலின் சாய்வு ஏற ஏற, ஒரு பக்கத்துப் படகு கப்பலின் உடம்பிலேயே உரசியது. கடைசியில் எட்டுப் படகுகள்தான் தண்ணீரைத் தொட்டன. அவற்றிலும் பல, கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தன அல்லது நிரம்பி மூழ்கின.

குதித்தவர்களுக்கு வேறொரு பொறி காத்திருந்தது. அமெரிக்க ராணுவம் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டும் காற்றுப் பட்டை. பொத்தானை அமுக்கினால் வாயு நிரம்பும். அக்குளுக்குக் கீழே உயர்த்திக் கட்டினால் தலை மேலே நிற்கும். இடுப்பிலேயே விட்டால் உடம்பு தலைகீழாகக் கவிழும். சரியாகக் கட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

பொழுது சாய்ந்தது. நவம்பர் மாதத்து மத்தியதரைக் கடல். ஆள் உயரத்துக்குப் பல மடங்கு எழும் அலை. அணி நிற்கவில்லை. நின்றால் அடுத்த கப்பலும் போகும் என்பது போர்க்கால விதி. மீட்கச் சில கப்பல்கள் மட்டும் பின்தங்கின.

அவற்றில் ஒன்று அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் ‘பயனீர்’. சிறிய கப்பல், தளம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும். அதுவே வசதியாயிற்று. பணியாளர்கள் விளிம்பில் தொங்கிக்கொண்டு, இருட்டில் கூப்பிடும் குரலை வைத்து ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அலை கப்பலை உயர்த்தி இறக்கும்போது அடியில் சிக்கி நசுங்கியவர்களும் இருந்தார்கள். பயனீர் மட்டும் காப்பாற்றியது 606 பேரை. ‘கிளான் கேம்பல்’ என்ற சரக்குக் கப்பலும், ‘ஆதர்ஸ்டோன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் மேலும் பலரை இழுத்துப் போட்டன.

அடிபட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோனா பின்பக்கமாக அமிழ்ந்தது.

அமெரிக்கர்களில் இறந்தவர்கள் 1,015 பேர். 853-ஆவது பட்டாலியனில் மட்டும் கிட்டத்தட்ட 500 பேர். எதிரித் தாக்குதலில் கடற்பயணத்தின்போது அமெரிக்கத் துருப்புகள் ஒரே கப்பலில் இவ்வளவு பேரை இழந்தது அந்தப் போரில் வேறெங்கும் இல்லை. கப்பல் பணியாளர், துப்பாக்கிக்காரர்களையும் சேர்த்தால் மொத்தச் சாவு 1,100-ஐத் தாண்டும்.

வாய்ப்பூட்டு

பிழைத்தவர்களுக்குக் கரையில் கிடைத்த முதல் உத்தரவு: இதைப் பற்றி எங்கும் பேசக் கூடாது.

புது ஆயுதம் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஜெர்மனிக்குத் தெரியக் கூடாது என்பது காரணம். குடும்பங்களுக்குப் போன தந்தி, ‘வட ஆப்பிரிக்கப் பகுதியில் காணவில்லை’ என்ற அளவோடு நின்றது. போர் முடிந்தும் முழு விவரம் வெளியே வர அவசரம் காட்டவில்லை யாரும். 1993-இல் ஓர் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி இதைச் சொன்ன பிறகுதான், அண்ணன் எப்படிச் செத்தான் என்று பல தம்பிகளுக்குத் தெரிந்தது. 1996-இல் அலபாமா மாநிலத்தில் நினைவுச் சின்னம் எழுந்தது. 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அஞ்சலி செய்தது.

பேசத் தொடங்கிய அமெரிக்க முதியவர்களின் நினைவுகளில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வந்தது. இந்தியப் பணியாளர்கள் சிப்பாய்களை விட்டுவிட்டு முதலில் படகேறித் தப்பிவிட்டார்கள் என்பது அது.

சிலர் அப்படிச் செய்திருக்கலாம். படகை இறக்குவது அவர்கள் வேலை. இறங்கும் படகில் அவர்கள் நின்றதை இருட்டில் பார்த்தவருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதும் ஒரு பக்கம். ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. சுமார் 2,000 அமெரிக்கர்களில் இறந்தவர்கள் 1,015. ஏறக்குறைய இரண்டுக்கு ஒருவர். கப்பல் பணியாளர் 195 பேரில் இறந்தவர்கள் 120-க்கும் அதிகம். ஐந்தில் மூன்று பேர். முதலில் தப்பியதாகச் சொல்லப்பட்டவர்களில்தான் சாவு விகிதம் கூடுதல்.

பிழைத்த அமெரிக்கருக்குப் பேச வானொலி கிடைத்தது, நூல்கள் கிடைத்தன, ஆண்டுதோறும் கூடும் சங்கம் கிடைத்தது. பிழைத்த சாரங்கிடம் மைக் நீட்ட நோவாகாலிக்கோ ரத்னகிரிக்கோ போனவர் யார்? அந்தப் போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோர். அவர்கள் பெயர்கள் பதிவேடுகளாக மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ளன. ஒன்றுக்கொன்று நகல். நடுவில் இரண்டு தடவை எல்லைக் கோடு போட்டாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று இரவு அமெரிக்கர்கள் கண்டு அதிர்ந்த குறைகள், போதாத படகு, சுவரில்லாத் தளம், சோதித்துப் பார்க்காத கப்பி என்று எல்லாமே, நாகப்பட்டினத்துப் பயணி பதினாலு வருஷம் டிக்கெட் வாங்கிப் படுத்துறங்கிய ஏற்பாடுதான். வங்கக் கடலில் குண்டு விழவில்லை, அவ்வளவே வித்தியாசம். படுக்கையில்லாப் பயணிகளுக்கான விதிகள் 1971-இல் புது உடன்படிக்கை வரும்வரை சிம்லாப் பெயரிலேயே நீடித்தன.

தனியாகத் திரும்பிய தங்கை

ரோனா மூழ்கிய மாதத்தில் மலாயாத் தமிழருக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பும் இல்லை. 1941 டிசம்பரில் பினாங்கு மீது ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றோடு சென்னைக் கப்பல் நின்றது. கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. ரப்பர் வாங்க ஆளில்லாத தோட்டங்களில் அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறு. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். அவர்களில் திரும்பாதவர் ஏராளம். தஞ்சாவூர், இராமநாதபுரம், திருச்சி மாவட்டங்களில் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத கணவனுக்காகப் பொட்டு வைத்துக்கொண்டும் வைக்காமலும் பெண்கள் மூன்றரை ஆண்டு ஓட்டினார்கள்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, சாம்பல் நிறத்தைச் சுரண்டிவிட்டு ரஜூலா பழைய தடத்துக்கு வந்தது. புகைபோக்கியில் மறுபடி இரண்டு வெள்ளைப் பட்டை. வயது இருபது, எஞ்சின் பழசு. ஜோடி இல்லை. இரண்டு கப்பல் மாறி மாறிச் சுமந்த கூட்டத்தில் பெரும்பங்கு இனி ஒன்றின் தலையில்.

கூட்டமோ முன்பு எப்போதும் இல்லாத மாதிரி. அக்கரையில், எலும்பும் தோலுமாக ஊருக்குப் போனால் போதும் என்று நின்றவர்கள். இக்கரையில், அங்கே விட்டு வந்த வேலையையும் கடையையும் வீட்டையும் தேடிப் போகத் துடித்தவர்கள், கணவன் இருக்கிறானா என்று பார்க்கக் கிளம்பிய பெண்கள். இரண்டு அரசாங்கங்களிலும் புதுப் புதுப் படிவங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. யார் இந்தியர், யார் மலாயாக்காரர் என்று ஒரு கேள்வி அவற்றில் முதல்முறையாகக் கனமாக உட்கார்ந்திருந்தது.

இருபது வருஷமாக ரஜூலாவில் யாரும் அதைக் கேட்டதில்லை. டிக்கெட் இருந்தால் இடம் உண்டு. பினாங்குத் துறையில் இறங்கும் பாலத்தின் அடியில் மேசை போட்டு உட்காரப்போகும் அதிகாரி, பதினைந்து வயதில் கங்காணியோடு போய், முப்பத்தைந்தில் திரும்பி வருபவரை எந்தக் கரைக்குச் சொந்தம் என்று எழுதுவார்?

(தொடரும்)